அம்மா இல்லாத தாய்வீட்டில் பால் கொடுத்தது

1

இங்கே ஆக்லாந்தில் எனக்குத் திங்கட்கிழமை குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வரும் நாள். செவ்வாய் நூலக நாள். மற்ற நாட்களுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வருவாய்த் துறையில் வட்டாட்சியராக ஓய்வு பெற்ற ஒருவனிடம் மிஞ்சியிருக்கும் அதிகாரம் இவ்வளவுதான்.

போன செவ்வாய் நூலகத்தில் எங்கள் மேசைக்கு எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். பையை இறக்கி வைத்தாள், சட்டையை ஒதுக்கினாள், குழந்தைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். மேலே ஒரு துண்டுகூடப் போடவில்லை. இன்னொரு கையால் ஒரு நாவலைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் பரமசிவம், ஊரில் வங்கி மேலாளராக இருந்தவர், தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சார், எந்திரிங்க. போயிருவோம்" என்று சுவரிடம் சொன்னார்.

"இன்னும் தலையங்கம் முடிக்கல."

"உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

"இருந்தது. போன வருஷம் கூடுவாஞ்சேரியில தீர்ந்துபோச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு இன்றும் லேசாக உடம்பு பதறுகிறது என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

2

முதலில் இந்த ஊர் நடைமுறை. என் மகனுக்குப் பெண் பிறந்தபோது நான் இங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைக்காரச் செவிலி காரில் வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மருமகள் ரம்யாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அரசாங்கத்திலிருந்து வீடு தேடி ஒருவர் வந்தால் அது விசாரணைக்காகத்தான் இருக்கும் என்பது என் பணி அனுபவம். ஆகவே என் கடவுச்சீட்டின் நகல், விசாவின் நகல், மகனின் வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருப்பேன். அந்த அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. டீ கொடுத்தால் குடிப்பார். முறுக்கு கொடுத்தால் பையில் போட்டுக்கொள்வார்.

ஒருமுறை வெளியே வரும்போது "ஃபீடிங் எப்படிப் போகிறது?" என்று ஆங்கிலத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். காலையில் இட்லி, இரவில் கோதுமைத் தோசை, இங்கே கிடைக்கும் பருப்பு சரியாக வேகுவதில்லை என்று விவரமாகச் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு முழுவதையும் கேட்டுக்கொண்டு போனார். மகன் அன்று சாயங்காலம்வரை சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று நான் கேட்கவில்லை. பெண்கள் சமாச்சாரம் என்று புரிந்தது. ஆண்கள் ஒதுங்கி இருக்க வேண்டிய இடம் என்றும் புரிந்தது. புரிந்தவரைக்கும் சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் பேத்திக்கு இப்போது மூன்று வயது. 'தாத்தா' என்ற சொல்லைத் தவிர மீதி எல்லாம் ஆங்கிலம். போன வருஷம் நான் ஊருக்குக் கிளம்பும் முன் ஒருநாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு பஞ்சு பொம்மைக் கரடி ஒன்றை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். கரடிக்குப் பசிக்கிறது, சத்தம் போடாதே என்று ஆங்கிலத்தில் கண்டித்தாள். நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். இரண்டு வயதுக் குழந்தைக்கும் கரடி பொம்மைக்கும் கூட மரியாதை கொடுத்து வெளியேறிய மனிதன் நான்.

3

என் மகள் ஸ்டெல்லா கர்ப்பமானபோது கேள்வி ஒன்று எழுந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. தாய் இல்லாத வீட்டுக்கு விதிவிலக்கு உண்டா? என் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கூடுவாஞ்சேரி வீடு பூட்டிக் கிடந்தது. சம்பந்தி ரோசி அம்மாள் திருவிடந்தையில் இருக்கிறார். பிரசவத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னான். ரோசி அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பொண்ணு பொறந்த வூட்ல இல்லாம எங்க வூட்ல பெத்துக்கினா, வக்கத்துப்போயி கூட்டியாந்துட்டாங்கன்னு ஊரு பேசும் அண்ணாத்த. ஆஸ்பத்திரில நான் கூட இருக்கேன். அப்புறம் உங்க பொறுப்பு" என்றார் தொலைபேசியில்.

பயணச்சீட்டு எடுத்தேன். வீட்டைத் திறந்து வெள்ளையடித்தேன். ஒரு தனியார் மருத்துவமனையில் பையன் பிறந்தான். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும். பிரசவ வார்டு வாசலில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை இருந்தது. பலகைக்குக் கட்டுப்படுவது என் ரத்தத்தில் ஊறியது. வெளியே உட்கார்ந்து பிறப்புப் பதிவு, காப்பீடு, தடுப்பூசி அட்டை என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். எழுத்துப் பிழை இல்லாத பிறப்புச் சான்றிதழை அவ்வளவு சீக்கிரம் வாங்கியவர்கள் மாவட்டத்திலேயே குறைவாக இருப்பார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பால் கொடுக்கும் முறையைச் சொல்லித்தர ஒரு நர்ஸ் வந்திருக்கிறார். வந்தவர் கட்டிலில் கிடந்த ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை. "பெரியவங்க யாரு கூட இருக்கறது?" என்று கேட்டிருக்கிறார். ரோசி அம்மாள் எழுந்து நின்றிருக்கிறார். பிள்ளையை எப்படிப் பிடிப்பது, வாயை எப்படித் திறக்க வைப்பது என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கேயும் பெரியவர்தான் கேட்டுக்கொண்டார். பெற்றவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் மரியாதைக் குறைவு.

வீட்டுக்கு வந்த அன்றே ரோசி அம்மாள் கிளம்பிவிட்டார். "சம்பந்தி வூட்ல எத்தினி வேளை துன்றது? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றார். நர்ஸ் சொன்னது அத்தனையும் அவரோடு பேருந்து ஏறித் திருவிடந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையும் விடுப்பு முடிந்து வேலை பார்க்கும் பூனாவுக்குத் திரும்பிவிட்டான்.

4

பிறகு பார்வையாளர்கள் வந்தார்கள். படாளத்திலிருந்து என் பக்கத்து உறவுகள், தெருவில் இருப்பவர்கள், சபையில் இருப்பவர்கள். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைக் கையில் வாங்கினார்கள். கை மாறி மாறி, அது அழ ஆரம்பித்ததும் "பசிக்குதுபோல" என்று ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சாத்திய கொஞ்ச நேரத்தில் யாராவது தட்டுவார்கள். "குடிச்சிட்டானா? பஸ்ஸுக்கு நேரமாவுது, இன்னொரு வாட்டி பாத்துட்டுப் போறோம்."

பால் ஊற என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பூண்டு, பால்சுறாப் புட்டு, தண்ணீரைக் குறைப்பது. பால்சுறா வாங்கி வந்து யூடியூபைப் பார்த்து நானே புட்டு செய்தேன். தண்ணீர் விஷயம் ரோசி அம்மாளின் உத்தரவு. "நெறைய குடிச்சா வவுறு தொங்கிப்பூடும்." ஆக, பால் கொடுக்க வேண்டிய பெண்ணுக்குத் தம்ளர் கணக்கில் தண்ணீர் அளந்து கொடுக்கப்பட்டது. இதில் ஏதோ முரண்பாடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் துறை இல்லை என்று விட்டுவிட்டேன்.

நான் செய்தது ஒன்று உண்டு. அவள் அறைக்குள் போகும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து வருவேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பெண்ணுக்குச் சங்கடமாக இருக்குமே. தெருமுனை டீக்கடைக்காரர் எனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டதோ என்று கேட்கும் அளவுக்கு நடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பிள்ளையைத் தராசில் வைத்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொறந்த எடையவிட நெறைய கொறைஞ்சிருக்கு சார். பால் எறங்கவே இல்ல. பவுடர் எழுதித் தர்றேன், குடுங்க. திங்கட்கிழமை வாங்க. ஏறலன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும்."

வீட்டில் பிறப்புச் சான்றிதழ் தயாராக இருந்தது, தடுப்பூசி அட்டை கண்ணாடி உறையில் இருந்தது, உள்ளே பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறது.

திரும்பும்போது ஆட்டோவில் ஸ்டெல்லா அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வலிக்குதுப்பா. ஒவ்வொரு தடவையும் வலிக்குது. வெடிச்சு ரத்தம் வருது. அவன் வாய்ல வெச்சாலே எனக்குப் பயமா இருக்கு. அதான் சீக்கிரம் எடுத்துடறேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்ககிட்டயா?" அவள் திரும்பினாள். "நான் உள்ள போனாலே நீங்க செருப்ப மாட்டிக்கினு தெருமுனைக்குப் போயிடறீங்க."

அந்த ஆட்டோவில் எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை எழுத முடியவில்லை. பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு அதுவரை வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவள் அம்மா இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நாகரிகமாக ஹாரன் அடித்தார்.

5

வீட்டுக்கு வந்ததும் ஆக்லாந்துக்கு வீடியோ அழைப்பு போட்டேன். ரம்யா எடுத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒரு நிர்வாகப் பிரச்சினை" என்று ஆரம்பித்தேன். ஸ்டெல்லா போனை என் கையிலிருந்து பிடுங்கி நேராகச் சொன்னாள்.

ரம்யா கொஞ்சமும் திகைக்கவில்லை. "எனக்கும் அதேதான் ஸ்டெல்லா. ஒரு மாசம் நரகம். பிடிக்க வைக்கிற விதம் சரியில்லாம இருந்துச்சு. அந்த நர்ஸ் வந்து வந்து சொல்லிக் கொடுத்துத்தான் சரியாச்சு. அங்கயும் சொல்லித்தர ஆள் இருப்பாங்க, பெரிய ஆஸ்பத்திரியில கேளுங்க." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்ககூட அவங்களுக்கு முறுக்கு கொடுத்தீங்களே மாமா."

ஒரே கூரையின் கீழ், மெல்லிய மரக்கதவு ஒன்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மாதம் இது நடந்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் விசா நகலோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். விசாரணை சன்னலில் நல்ல கூட்டம், பாதிக்கு மேல் ஆண்கள். என் முறை வந்தபோது அந்தச் சொல் வாயில் வரவில்லை. "குழந்தையின் ஊட்டச்சத்து தொடர்பாக" என்றேன். சத்துமாவுக்கு எங்கே போக வேண்டும் என்று தெளிவாக வழி சொன்னார்கள். தவறு அவர்களுடையது இல்லை. மனுவில் எழுதியிருப்பதற்குத்தானே பதில் தர முடியும்? எனக்குப் பின்னால் நின்ற ஸ்டெல்லா தலையை நீட்டி, "பால் குடுக்க வரல மேடம். யாராண்ட கேக்கணும்?" என்றாள். "மாடில மூணாவது ரூம்மா" என்று பதில் வந்தது.

மூன்றாவது அறையில் கலைச்செல்வி என்ற செவிலி இருந்தார். தாய்ப்பால் ஆலோசகர் என்று பதவி. நான் வழக்கப்படி வாசலில் நின்றுகொண்டேன்.

"ஐயா, நீங்க எங்க போறீங்க?"

"வெளியில இருக்கேன். பெண்கள்..."

"வீட்ல இந்தப் பொண்ணு கூட யாரு இருக்கா?"

"நான்தான்."

"வேற பொம்பளைங்க?"

"இல்லை."

"அப்ப உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க."

இனி வருவதைப் படிக்கும்போது என் பழைய சக ஊழியர்கள் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம். கலைச்செல்வி மேசை இழுப்பறையிலிருந்து துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த ஒரு மார்பை எடுத்து என் கையில் கொடுத்தார். இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. நான் கொஞ்ச நேரம் இரண்டையும் சுனாமி நிவாரணப் பொருளைப்போலப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காருங்க. உங்களுக்குக் காட்டறேன், நீங்க எனக்குச் செஞ்சு காட்டுங்க. நீங்க கத்துக்கினா அவ தப்பா புடிச்சா சொல்ல முடியும்ல? அவளுக்கு மேலேர்ந்து பாத்தா தெரியாது."

"நான் பார்க்கவா?"

"நீங்க பிள்ளையோட வாயைப் பாருங்க. வேற எதையும் பாக்கச் சொல்லல."

பிறகு பாடம் தொடங்கியது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட வேண்டும். காது, தோள், இடுப்பு நேர்கோட்டில் இருக்க வேண்டும். வாய் அகலத் திறந்தபிறகுதான் கொண்டுபோக வேண்டும். காம்பை மட்டும் கொடுக்கக் கூடாது. சுற்றியிருக்கும் கருப்புப் பகுதியும், முக்கியமாகக் கீழ்ப்பக்கம், வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் பொம்மை சரியாக நின்றது. "பாத்தியா, உங்கப்பா பாஸாயிட்டாரு" என்றார் கலைச்செல்வி. ஸ்டெல்லா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள். என் நெற்றியிலிருந்து வேர்வை பொம்மைமீது சொட்டியது.

பிறகு உண்மையான பிள்ளையை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவை வலித்தது. மூன்றாவது தடவை ஸ்டெல்லா முகத்தைச் சுளிக்கவில்லை. ஆச்சரியத்தோடு கலைச்செல்வியைப் பார்த்தாள்.

"வலிக்கல."

"அதான். இப்ப முழுங்கறான் பாரு, சத்தம் கேக்குதா?"

கேட்டது. எனக்கும் கேட்டது.

கிளம்பும்போது கலைச்செல்வி உத்தரவுகளை எனக்குத்தான் சொன்னார். "டாக்டர் சொன்ன பவுடரைத் திடீர்னு நிறுத்தாதீங்க. மொதல்ல மார்ல குடுக்கட்டும், அப்புறம் பீச்சி எடுத்த பாலை பாலாடைச் சங்குல குடுங்க, அப்பவும் பத்தலன்னா மட்டும் பவுடர். பாட்டில் வேணாம். அவளுக்குத் தாகம் எடுக்கறப்பல்லாம் தண்ணி குடுங்க. யாரும் அளக்கக் கூடாது. பிள்ளை பசின்னு வாயைத் திருப்பும்போதே வைக்கணும், அழற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. முக்கியமா, வேடிக்கை பாக்க வர்றவங்களை உள்ள விடாதீங்க. உங்களால முடியுமா?"

முப்பது வருடத்துக்கும் மேலாக நான் செய்த வேலை அது ஒன்றுதான். தகுந்த காரணம் சொல்லி மனிதர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது. முடியும் என்றேன்.

6

அன்று மாலையே எதிர்வீட்டுக்காரர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்றேன். தெருக்கோடி அம்மாவிடம் பிள்ளை தூங்குகிறது, எழுந்ததும் தகவல் வரும் என்றேன். பழைய கை மறக்கவில்லை.

ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து, வெளிக் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். திருவிடந்தையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ரோசி அம்மாள், அவர் தம்பி தாஸ், தம்பி குடும்பம், இன்னும் சிலர், பழக்கூடைகள், கடைசியாக அவர்கள் சபையின் பாஸ்டர். பிள்ளைக்கு ஜெபம் செய்ய வந்திருந்தார்கள். முன்கூட்டித் தகவல் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தேவையும் இல்லை.

"இன்னா அண்ணாத்த, வெயில்ல குந்திகினு கீறீங்க? கேட்டைத் தொறங்க" என்றார் ரோசி அம்மாள்.

உள்ளே அப்போதுதான் பிள்ளை சரியாகப் பிடித்திருந்தான். நான் அறை வாசலில் நின்று, வாயைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை.

"வாங்க சம்பந்தி அம்மா. இப்ப உள்ளே போக முடியாது."

"இன்னாது?"

"கொஞ்ச நேரம் பொறுக்கணும்."

பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவதை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. என் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது.

"என் பேரனைப் பாக்க உங்களாண்ட நான் பர்மிஷன் வாங்கணுமா?"

தாஸ் வேனில் சாய்ந்துகொண்டு, "அக்கா, மனு எழுதிக் குடு. கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் குடு. மாமா பரிசீலனை பண்ணுவாரு" என்றான். வேன் சிரித்தது. ரோசி அம்மாள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "பாஸ்டர் ஐயாவ நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டாரே" என்று பொதுவாகச் சொன்னார். எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன. வழக்கமான காரணங்கள் எல்லாம் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றன: தூங்குகிறான், டாக்டர் சொன்னார், குளிப்பாட்டுகிறோம்.

உள் அறைச் சன்னலிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

"அப்பா, ஒரு பக்கம் முடிச்சுட்டான். இன்னொரு பக்கம் குடுக்கணும். இன்னும் நேரமாகும்னு சொல்லுங்க."

பொய் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. எழுந்து நின்றேன். அலுவலகத்தில் உத்தரவு வாசிக்கும் குரல்தான் வந்தது.

"சம்பந்தி அம்மா, பிள்ளை ஒரு பக்க மார்பில் குடித்து முடித்திருக்கிறான். இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது. எடை குறைந்து போயிருக்கிறான். நாளைக்கு ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அதனால்தான்."

தாஸ் வேனிலிருந்து நிமிர்ந்து, தரையைப் பார்த்தான். பாஸ்டர் வேதாகமத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "நாம இங்கயே ஜெபிக்கலாமே" என்றார். எல்லாரும் வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார்கள்.

ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து ரோசி அம்மாள் தணிந்த குரலில் கேட்டார்.

"மொதல்ல எந்தப் பக்கம் குடுத்தா?"

"இடது."

"நல்லா புடிக்கிறானா?"

"தாடை ஒட்டுது. முழுங்கற சத்தம் கேக்குது."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த நர்ஸம்மா என்னாண்ட எல்லாம் சொன்னாங்க அண்ணாத்த. நான் அவளாண்ட சொல்லவே இல்ல. அவளுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சிகினேன்" என்றார். ஆமென் சொல்லும் இடம் வந்தது. இருவரும் சொன்னோம்.

ஸ்டெல்லா கூப்பிட்டபிறகு அவரை மட்டும் உள்ளே விட்டேன். மற்றவர்கள் ஜிஎஸ்டி ரோட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வேனில் திரும்பினார்கள். ரோசி அம்மாள் போகவில்லை. சம்பந்தி வீட்டில் எத்தனை வேளை சாப்பிடுவது என்ற கேள்வியை அன்று அவர் எழுப்பவில்லை. போகவர ஸ்டெல்லாவின் தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தார்.

திங்கட்கிழமை மூவரும் பிள்ளையோடு போனோம். டாக்டர் தராசில் வைத்தார். நான் தராசைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். "ஏறுது. கொஞ்சம்தான், ஆனா ஏறுது. அட்மிஷன் வேணாம். இப்படியே குடுங்க, வியாழக்கிழமை காட்டுங்க" என்றார்.

ஸ்டெல்லா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த நர்ஸ், இனி வீட்டில் கவனிக்க வேண்டியதைச் சொல்வதற்காக ரோசி அம்மாள் பக்கம் திரும்பினார். ரோசி அம்மாள் ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி நிறுத்தினார்.

"என்னாண்ட சொல்லாத கண்ணு. இவளாண்ட சொல்லு" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இவரும் கேட்டுக்கட்டும். பிள்ளை வாயைப் பாக்கறது இவருதான்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கூச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து அதை நான் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.